மத்திய வங்கியும் ஆலோசனைச் சபைகளும்

(எமது சங்கத்தின் ஆண்டு விழாவிலே பல்கலைக்கழக மாணவர் ஒருவர் நிகழ்த்திய உரை)



வெள்ளைப்புற்றடிப் பிள்ளையாரை மனத்தில் நினைந்து என் சிற்றுரையைத் தொடங்குகின்றேன். சங்கச் செயலாளர் அவர்கள் என்னைப் பேச அழைத்தபோது சிறிது பயந்தேன். மிஷன் பாடசாலையிற் படித்தவன் நான்; தேவாரத்தைப் பண்ணோடு பாட எனக்கு வராது; சித்தாந்தம் பேசவோ வயது போதாது. என் தயக்கத்தை அறிந்த செயலாளர், “நீர் படிக்கிற பொருளியலில் ஊருக்கு உபயோகமான ஒன்றைச் சொல்லும், அது போதும்” என்றார். ஆகவே மத்திய வங்கியைப் பற்றியும், அதற்கு ஆலோசனை சொல்லும் சபைகளைப் பற்றியும் பேசத் துணிந்தேன். கொழும்பிலே உயர்ந்த கட்டடத்தில் இருக்கும் வங்கிக்கும் மண்கும்பானுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்பது நியாயமே. அந்தச் சம்பந்தத்தை என் வீட்டுக் கதையொன்றாற் சொல்கிறேன்.

என் அம்மம்மா பாய் இழைத்தும் புழுக்கொடியல் விற்றும் காசு சேர்த்தவர். இடம்பெயர்ந்து அலைந்து ஊருக்குத் திரும்பிய பின், வீட்டுக்கு ஓடு போடவேண்டும் என்பதே அவருடைய ஒரே ஆசை. 2019ஆம் ஆண்டில், அதற்கென ஒரு தொகையை வங்கியில் நிலையான வைப்பாக இட்டார். 2022ஆம் ஆண்டின் இறுதியில் அதனை வட்டியோடு எடுத்தார். வங்கி ஒரு சதமும் குறைக்கவில்லை. ஆயின் மேசனும் தச்சனும் கணக்குப் பார்த்தபோது, முழு வீட்டுக்கும் என்று வைத்த காசு முன்விறாந்தைக்கே போதாது என்று தெரிந்தது. அம்மம்மா காசுத்தாள்களை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்து, “ஆரடா மோனை என்ரை காசை எடுத்தது?” என்று கேட்டார்.

பல்கலைக்கழகத்திற் படிக்கிறவன் என்று ஊரார் சொல்லும் எனக்கு அன்றைக்கு மறுமொழி தெரியவில்லை. இன்றைய பேச்சு அந்தக் கேள்விக்கு நான் தேடிய மறுமொழி என்று கொள்ளுங்கள்.

மத்திய வங்கி என்பது என்ன? நாம் காசு போட்டு எடுக்கும் வங்கி அன்று அது. நாட்டின் நாணயத்தாளை வெளியிடுவது. வட்டி வீதத்திற்கு வழிகாட்டுவது. அந்நியச் செலாவணி ஒதுக்கைக் காப்பது. வங்கிகளையும் நிதிக் கம்பனிகளையும் மேற்பார்வை செய்வது. சுருங்கச் சொன்னால், காசின் பெறுமதிக்கு அது காவற்காரன்.

இதனை நம் ஊர்க் கிணற்றைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். எங்கள் மணலுக்குள் மழைநீர் ஊறி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் நன்னீராகத் தங்கி நிற்கிறது. வாளியால் அளவாக அள்ளினாற் கோடை முழுவதும் குடிக்கலாம். மெசின் பூட்டி ஒரேயடியாக இறைத்தால் அடியிலுள்ள உவர் மேலே ஏறும். காசும் அத்தகையதே. நாட்டில் விளையும் பொருளின் அளவையும் நடக்கும் தொழிலின் அளவையும் பார்த்துக் காசைப் பெருக்கவேண்டும். அரசாங்கத்தின் செலவுக்கு வரி போதவில்லை என்று அளவுக்கு மீறிக் காசை அச்சிட்டால், ஒவ்வொரு தாளிலும் பெறுமதி குறைகிறது. அதற்குத்தான் பணவீக்கம் என்று பெயர்.

இனி, இறைக்கிறவனுக்கு எப்போது நிறுத்தவேண்டும் என்று சொல்வது யார்? பயிர் வாடுகிறதே என்ற அவசரத்தில் நிற்பவனுக்கு அளவு தெரிவதில்லை. வேலிக்கு அப்பால் நிற்கும் கிழவர்தான், “தம்பி, உப்பிடி இறையாதை, தண்ணி உவராப்போம்” என்று சொல்வார். அந்தச் சொல் இறைக்கிறவனுக்குக் கசக்கும். திருவள்ளுவர் ‘பெரியாரைத் துணைக்கோடல்’ என்று ஓர் அதிகாரமே வகுத்ததற்குக் காரணம் இதுவே. தன்னைக் கடிந்து சொல்லவல்ல பெரியோரைப் பக்கத்தில் வைத்திருக்கும் அரசன் பிழைப்பான் என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. இக்காலத்து ஆட்சி முறையிலே அந்தப் பெரியோருக்கு ஆலோசனைச் சபை என்று பெயர்.

நம் நாட்டின் வங்கி வரலாற்றிலே நல்ல ஆலோசனை நன்மை செய்த இடங்கள் உண்டு. 1884ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒறியன்டல் வங்கி என்னும் பெரிய ஆங்கில வங்கி முறிந்தது. அக்காலத்தில் இலங்கையிற் புழங்கிய தாள்களிற் பெரும்பகுதியை அந்தத் தனியார் வங்கியே வெளியிட்டிருந்தது. மக்கள் தாளைக் கையில் வைத்துக்கொண்டு தவித்தனர். தேசாதிபதி சேர் ஆதர் கோடன் அந்தத் தாள்களுக்கு அரசாங்கமே பொறுப்பு என்று அறிவித்துப் பயத்தைத் தணித்தார். அவ்வாண்டிலேயே தாள் நாணயத்தை அரசாங்கமே வெளியிடும் ஒழுங்கு சட்டமாயிற்று.

அதன்பின் ஐம்பது ஆண்டுகள் சென்று, 1934ஆம் ஆண்டில், இலங்கை வங்கி விசாரணைக் குழு ஒன்று அமைந்தது. அதன் தலைவர் பம்பாயைச் சேர்ந்த சேர் சொராப்ஜி பொச்கானாவாலா. இந்தியர் தம் முதலைக் கொண்டு தாமே நடத்திய ‘சென்றல் பாங்க் ஒவ் இந்தியா’வைத் தோற்றுவித்தவர். இந்நாட்டு வியாபாரிக்கு ஆங்கில வங்கிகளின் வாசல் எளிதில் திறப்பதில்லை. நாட்டுக்கோட்டைச் செட்டிமாரிடம் கூடிய வட்டிக்கே அவன் கடன்படவேண்டியிருந்தது. இந்நாட்டவருக்குக் கடன் கொடுக்க ஒரு வங்கி வேண்டும் என்ற அந்த ஆலோசனையின் பயனாக 1939ஆம் ஆண்டில் இலங்கை வங்கி எழுந்தது. வெளியே இருந்து வந்த ஒரு குழு சொல்லியதை ஆட்சியாளர் செவிமடுத்ததன் பலனை இன்றும் நாம் அனுபவிக்கிறோம்.

சுதந்திரம் பெற்றபின் நாட்டுக்கு மத்திய வங்கி வேண்டும் என்று எண்ணி, அமெரிக்காவின் பெடரல் றிசேர்விலிருந்து ஜோன் எக்ஸ்ரர் என்பவரை ஆலோசகராக அழைத்தனர். அவருடைய அறிக்கை 1949ஆம் ஆண்டு நவம்பரில் வெளிவந்தது. 1949ஆம் ஆண்டின் 58ஆம் இலக்க நாணய விதிச் சட்டம் நிறைவேறியது. 1950ஆம் ஆண்டு ஓகஸ்ட் 28ஆம் திகதி மத்திய வங்கி கருமமாற்றத் தொடங்கியது. ஆலோசனை சொல்ல வந்த எக்ஸ்ரரே அதன் முதலாவது ஆளுநரும் ஆனார்.

அச்சட்டத்தின்படி வங்கியை ஆண்டது நாணயச் சபை. அதில் மூவரே இருந்தனர்: ஆளுநர், நிதி அமைச்சின் நிரந்தரச் செயலாளர், நியமனம் பெற்ற இன்னொருவர். 2002ஆம் ஆண்டிலே சபையினர் தொகை ஐந்தாக உயர்ந்தது. ஆயினும் திறைசேரிச் செயலாளரின் ஆசனம் அப்படியே இருந்தது. சீட்டுப் பிடிக்கும் தாய்மாருக்கு இதன் அபாயம் உடனே விளங்கும். எல்லாருடைய காசும் இருக்கும் பெட்டிக்குப் பக்கத்தில், அதிகம் கடன் கேட்கிறவரே திறப்போடு அமர்ந்திருந்தால் எப்படி? திறைசேரி கடன் கேட்கும் இடம். மத்திய வங்கி, கேட்டது எல்லாவற்றையும் கொடாது தடுக்கவேண்டிய இடம். இருவரும் கலந்து பேசுதல் நல்லதே. நாட்டைக் கட்டியெழுப்பும் காலத்தில் அந்தக் கலந்துறவு பயன்பட்டிருக்கவும் கூடும். ஆயின் கேட்பவனுக்கும் மறுப்பவனுக்கும் ஒரே மேசை ஆகிவிட்டால், மறுக்கும் குரல் நாளடைவில் மெலியும்.

இந்தக் குறையை நிரப்புவதற்கென்று இந்நூற்றாண்டிலே மத்திய வங்கி தனக்குப் புறத்தேயிருந்து ஆலோசனை பெற முயன்றது. பல்கலைக்கழக அறிஞரும் தனியார் துறையினரும் தொழில் வல்லாரும் அடங்கிய நாணயக் கொள்கை ஆலோசனைக் குழு என்று ஒன்றும், நிதி முறைமையின் உறுதிப்பாடு பற்றிய ஆலோசனைக் குழு என்று இன்னொன்றும் அமைந்தன. நல்ல ஏற்பாடே. ஆனால் இவற்றாற் சொல்லத்தான் முடிந்தது. வங்கி கேட்கவேண்டும் என்ற கட்டாயம் இருக்கவில்லை. சொன்னது என்ன, கேட்காமல் விட்டதற்குக் காரணம் என்ன என்று பொதுமக்கள் அறியும் வழியும் இருக்கவில்லை.

பின்பு நடந்ததை நாம் எல்லாரும் பட்டறிந்தோம். 2019ஆம் ஆண்டின் இறுதியில் வரிகள் பெரிதும் குறைக்கப்பட்டன. வருமானம் சுருங்க, காசு அச்சிடுதல் பெருகியது. டொலரின் விலை 200 ரூபா அளவில் மாதக்கணக்காகப் பிடித்து வைக்கப்பட்டது. கையிருப்பு டொலரைக் காப்பாற்றுங்கள், வெளிநாட்டுக் கடனை மறுசீரமையுங்கள் என்று வெளியிலிருந்த பொருளியலாளர் பலர் எச்சரித்தனர். அதைக் கேளாது, 2022ஆம் ஆண்டு ஜனவரி 18ஆம் திகதி 50 கோடி டொலர் கடன்முறிக்கான பணம் கொடுக்கப்பட்டது. மார்ச் மாதத்தில் ரூபாவைப் பிடித்திருந்த கை விட்டது. மே மாதத்திற்குள் டொலரின் விலை 360 ரூபாவைக் கடந்தது. எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் நாம் வரிசையில் நின்றதை யார் மறப்பர்? மண்ணெண்ணெய் இன்றி நம் தீவுப்பகுதி வள்ளங்கள் கரையிற் கிடந்ததையும் மறக்க முடியுமா?

2022ஆம் ஆண்டு ஏப்பிரல் 6ஆம் திகதி சனாதிபதி மூவர் கொண்ட ஆலோசனைக் குழுவொன்றை நியமித்தார். முன்னாள் ஆளுநர் கலாநிதி இந்திரஜித் குமாரசுவாமி, பேராசிரியர் சாந்த தேவராஜன், கலாநிதி ஷர்மினி கூரே என்போரே அம்மூவர். உலக அனுபவம் நிறைந்த வல்லுநர்கள். ஆயின் அவர்கள் அழைக்கப்பட்ட நாளைக் கவனியுங்கள். ஆறு நாட்களில், ஏப்பிரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கொடுப்பதை நாடு நிறுத்தியது. இடையே 8ஆம் திகதி மத்திய வங்கி தன் வட்டி வீதங்களை ஒரே நாளில் நூற்றுக்கு 7 புள்ளிகளால் உயர்த்தியது. கடன் கொடுக்கும் வீதம் 14.50 ஆனது. அவ்வாண்டு செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டியின்படி பணவீக்கம் 69.8 வீதத்தைத் தொட்டது. கிணறு உவரான பின்பு கிழவரைக் கூப்பிட்டோம்.

2023ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் திகதி உயர் நீதிமன்றம் தன் பெரும்பான்மைத் தீர்ப்பிலே, முன்னாள் சனாதிபதிகள் இருவர், முன்னாள் நிதி அமைச்சர், முன்னாள் ஆளுநர்கள் இருவர், திறைசேரியின் முன்னாள் உயரதிகாரிகள் ஆகியோரும், நாணயச் சபையும் பொதுமக்கள் வைத்த நம்பிக்கையை மீறிப் பொருளாதார நெருக்கடிக்குப் பொறுப்பாயினர் என்று கூறியது. வாலிப நண்பர்களே, இதனை நாம் நன்றாக மனத்திற் கொள்ளவேண்டும். நீதிமன்றம் குற்றம் கண்டது செய்தவர்களில் மட்டுமன்று. தடுக்கும் கடமையுடைய ஒரு சபையிலுமே கண்டது. ஆசனம் என்பது கௌரவம் மட்டும் அன்று, அது ஒரு கடன் என்பதை நாட்டின் மிக உயர்ந்த மன்றமே சொல்லிவிட்டது.

பிற நாடுகள் இதனை எவ்வாறு கையாண்டன என்று சிறிது பார்ப்போம். அமெரிக்காவில் 1913ஆம் ஆண்டின் பெடரல் றிசேர்வ் சட்டமே ஒரு ஆலோசனைச் சபையை ஏற்படுத்தியது. பன்னிரண்டு வட்டாரங்களிலிருந்தும் வட்டாரத்துக்கு ஒருவராகப் பன்னிருவர் வருவர். ஆண்டுக்கு நான்கு முறையேனும் கூடுவர். ஆலோசகர் கூடுவதைத் தலைவரின் விருப்பத்திற்கு விடாமல் சட்டத்திலேயே எழுதிவைத்தது அந்நாட்டின் விவேகம். ஆயினும் அப்பன்னிருவர் வழக்கமாக வங்கிக்காரரே. கடன் வாங்குகிறவனின் கஷ்டத்தைக் கடன் கொடுக்கிறவனிடமே கேட்டறிந்தால் எவ்வளவு தெரியும்? நூறு ஆண்டு கழித்து, 2015ஆம் ஆண்டில், நுகர்வோரின் நலத்தையும் எளிய சமூகங்களின் நிலையையும் அறிந்தோரைக் கொண்ட இன்னொரு ஆலோசனைச் சபையை அங்கே அமைத்தனர்.

அயல்நாடாகிய இந்தியாவின் வழி நமக்கு இன்னும் நெருங்கியது. 2005ஆம் ஆண்டில் இந்திய றிசேர்வ் வங்கி, நாணயக் கொள்கைக்கான தொழில்நுட்ப ஆலோசனைக் குழுவொன்றை அமைத்தது. வெளியிலிருந்த வல்லுநர் அதில் இருந்தனர். முடிவு ஆளுநருடையதே, குழுவின் பெரும்பான்மையோர் ஒன்று சொல்ல, ஆளுநர் வேறொன்று செய்த சந்தர்ப்பங்களும் உண்டு. ஆயின் சில ஆண்டுகளில் அக்குழுவின் கூட்டக் குறிப்புகளை வெளியிடத் தொடங்கினர். மறுக்கப்பட்ட ஆலோசனையையும் மக்கள் வாசித்தனர். அந்தப் பழக்கமே 2016ஆம் ஆண்டில் ஒரு பெரிய மாற்றத்திற்குப் பாதை செப்பனிட்டது. இப்போது அங்கே அறுவர் கொண்ட நாணயக் கொள்கைக் குழு சட்டத்தால் அமைந்திருக்கிறது. மூவர் வங்கியினர், மூவர் வெளியார். பெரும்பான்மை வாக்கே முடிவு. வாக்குச் சமமானால் ஆளுநருக்கு இன்னொரு வாக்கு. கூடிய பதினான்காம் நாள், ஒவ்வொருவரும் எப்படி வாக்களித்தார், ஏன் அப்படி வாக்களித்தார் என்பது பெயரோடு வெளியாகும்.

பெயரோடு வெளியாவதால் என்ன நன்மை என்று எண்ணலாம். நான் படித்த பாடசாலையின் விவாத மன்றத்தில் ஒரு விதி இருந்தது. எதிர்த்துப் பேச ஒருவரும் முன்வராவிட்டால் ஆசிரியர் விவாதத்தை நடத்த விடமாட்டார். தாமே ஒருவனை எழுப்பி, “நீ மறுத்துப் பேசு” என்பார். பல தடவை அந்தத் துரதிர்ஷ்டம் எனக்கே வாய்த்தது. நான் நம்பாததைப் பேசப்போய், பாதிவழியில் அதிலும் நியாயம் இருப்பதைக் கண்டிருக்கிறேன். எல்லாரும் தலையாட்டும் கூட்டத்திலே பிழை ஒளிந்துகொள்ளும். தன் பெயரும் தன் காரணமும் நாளைக்கு அச்சில் வரும் என்று தெரிந்தவன் சும்மா தலையாட்ட மாட்டான்.

நம் நாடும் அடிபட்டபின் சில பாடங்களைக் கற்றது. 2023ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க மத்திய வங்கிச் சட்டம் பழைய நாணய விதிச் சட்டத்தின் இடத்தைப் பெற்றது. திறைசேரிச் செயலாளரின் ஆசனம் நீங்கியது. நிர்வாகத்திற்கு ஆளும் சபை, வட்டி முதலியவற்றிற்கு நாணயக் கொள்கைச் சபை என்று இரண்டாயின; பின்னதிலே வெளியிலிருந்து வரும் பொருளியல் வல்லுநர் இருவருக்கும் இடமுண்டு. திறைசேரி உண்டியலையும் முறியையும் திறைசேரியிடம் நேராக வாங்கிக் காசு கொடுக்கும் பழைய வழக்கம் பொதுவிதியாகத் தடுக்கப்பட்டது. பணவீக்கத்திற்கு நூற்றுக்கு 5 என்று இலக்கு வைத்தனர். இரண்டு காலாண்டுகள் தொடர்ந்து அந்த இலக்கிலிருந்து விலகினால், காரணம் என்ன, பரிகாரம் என்ன, எவ்வளவு காலம் செல்லும் என்று பாராளுமன்றத்திற்கு எழுத்திற் சொல்லவேண்டும். விலைகள் ஏறியதற்கு மட்டும் அன்று, இலக்குக்குக் கீழே போனாலும் மறுமொழி சொல்லவேண்டும். அப்படிக் கீழே போனபோது அறிக்கை அனுப்பவும் பட்டது.

இவையெல்லாம் நல்லவை. ஆயின் ஒரு குறை இன்னும் இருக்கிறது. அந்த மேசையைச் சுற்றி யார் இருக்கிறார்கள் என்பதே அக்குறை. இதனை வட்டி வீதத்தை விட்டு, மத்திய வங்கியின் மற்றக் கடமையாகிய மேற்பார்வையிலே வைத்துக் காட்டுகிறேன்.

யுத்தம் முடிந்தபின் வடக்கிலும் கிழக்கிலும் நுண்கடன் கொடுக்கும் கம்பனிகள் ஊர் ஊராக வந்தன. ஈடு வேண்டாம், பிணை வேண்டாம், ஐந்து பெண்கள் ஒரு குழுவாகக் கையெழுத்து வைத்தாற் போதும் என்றார்கள். எங்கள் ஒழுங்கையில் இருக்கும் மாமி ஒருவர் ஆடு வாங்க என்று கடன் எடுத்தார். ஒரு கிழமை கட்டத் தவறினால், குழுவிலுள்ள மற்றப் பெண்களே அவரின் வாசலில் வந்து நின்றார்கள். கம்பனிக்குப் பயந்ததிலும் பார்க்க அயலட்டைக்கு அவர் வெட்கப்பட்டார். முதலாவது கடனைக் கட்ட இரண்டாவது கடன். அதைக் கட்டத் தோட்டை அடைவு வைத்தார். ஆடும் போயிற்று, தோடும் போயிற்று, ஒன்றாக இருந்து பாயிழைத்த சிநேகிதமும் போயிற்று. கூட்டாகக் கடன்படுவது ஒற்றுமையை வளர்க்கும் என்று புத்தகத்தில் நான் படித்தேன். ஒழுங்கையிற் கண்டது வேறு.

2016ஆம் ஆண்டில் நுண்நிதிச் சட்டம் வந்தது. 2018ஆம் ஆண்டில், வறட்சியால் வாடிய 12 மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட பெண்களின் நுண்கடன்களுக்கு நிவாரணம் கொடுக்க அரசாங்கம் முன்வந்தது. அவ்வாண்டின் இறுதியில் மத்திய வங்கி, தன் அனுமதி பெற்ற நிதிக் கம்பனிகளின் நுண்கடனுக்கு ஆண்டுக்கு 35 வீதமே உச்ச வட்டி என்று வரையறுத்தது. 35 வீதம் என்பதே உச்சவரம்பாக வேண்டியிருந்தது என்றால், அதற்கு முன் இருந்த நிலையை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். இந்தத் துன்பம் கொழும்புக்கு எட்ட ஏன் இத்தனை ஆண்டுகள் சென்றன? எங்கள் மாமியின் குரலைக் கொண்டு செல்ல எந்த ஆலோசனைச் சபையிலும் ஓர் ஆசனம் இருக்கவில்லை. அறிஞர் இருந்தனர், வர்த்தகர் இருந்தனர். மாமிக்குப் பொருளியல் தெரியாது என்பீர்கள். மெய்தான். ஆயின் கிழமைக் கடன் ஒரு பெண்ணை என்ன செய்யும் என்பது அவருக்குத் தெரிந்த அளவு எந்தக் கலாநிதிக்கும் தெரியாது. மாகாணம்தோறும் ஒரு சபை அமைத்து, கடற்றொழிலாளரையும் தோட்டக்காரரையும் கூட்டுறவுச் சங்கத்தாரையும் குழுக்கடன் பட்ட பெண்களையும் ஆண்டுக்கு இரு முறையேனும் மத்திய வங்கி கேட்கவேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து.

இவற்றையெல்லாம் தொகுத்துப் பார்த்தால், ஆலோசனைச் சபை ஒன்று பயன்பட மூன்று காரியங்கள் வேண்டும் என்று தோன்றுகிறது. ஒன்று, அது கூடவேண்டிய நாள் தலைவரின் மனம்போல் அமையாது விதியால் அமையவேண்டும். இரண்டு, சொன்னதும் எழுத்தில் இருக்கவேண்டும், மறுத்தால் மறுத்த காரணமும் எழுத்தில் இருக்கவேண்டும். மூன்று, முடிவினாற் பாதிக்கப்படுகிறவருக்கு அங்கே ஆசனம் இருக்கவேண்டும். இம்மூன்றும் இல்லாத சபை அலங்காரச் சபையே.

பெரியோர்களே, இனி நான் சொல்லப்போவதற்கு முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். கொழும்பைக் குறை சொன்ன வாய் நம் வீட்டைக் கண்டு மூடிக்கொள்ளக் கூடாது. நமது சங்கத்துக்கும் ஓர் ஆலோசனைச் சபை இருக்கிறது. ஆண்டுதோறும் இந்த மலரின் முதற்பக்கத்தில் அவர்களின் பெயர்கள் அச்சாகின்றன. விழா மேடையிலே மாலை போடுகிறோம். சென்ற ஆண்டுக் கூட்டக் குறிப்புப் புத்தகத்தைச் செயலாளரின் அனுமதியோடு புரட்டிப் பார்த்தேன். ஆலோசகர்களைக் கூட்டி ஆலோசனை கேட்டதாக ஒரு பக்கமும் இல்லை. இதிற் குற்றம் பெரியோருடையது அன்று. கேளாத வாலிபர்களாகிய எங்களுடையது. நானும் அந்தச் செயற்குழுவில் இருந்தவன் என்பதையும் ஒளிக்காமற் சொல்கிறேன்.

இதனை இன்று சொல்ல ஓர் அவசியம் உண்டு. கடல் கடந்து வாழும் நம் ஊரவர் அனுப்பும் பணத்தைக் கொண்டு, சுயதொழிலுக்குக் கடன் கொடுக்கும் நிதியொன்றைத் தொடங்க நமது சங்கம் எண்ணியிருக்கிறது. எண்ணம் உயர்ந்தது. ஆனால் கடன் கொடுக்கத் தொடங்கும் நாளிலிருந்து நாமும் ஒரு சிறு வங்கி. யாருக்குக் கொடுப்பது, யாருக்கு மறுப்பது, கட்ட முடியாதவரை எப்படி நடத்துவது என்ற கேள்விகள் வரும். வாலிபர்கள் ஏழு பேர் ஓர் இரவிற் கூடி முடிவு செய்தால், உறவுக்கும் நட்புக்கும் காசு போகும். அல்லது வாசலில் நின்று வெட்கப்படுத்தும் இன்னொரு கம்பனியாக நாமே ஆவோம்.

ஆகவே மூன்று வேண்டுகோள்களை இச்சபையின் முன் வைக்கிறேன். நிதியிலிருந்து முதலாவது ரூபா வெளியேறுமுன், ஆண்டுக்கு நான்கு முறை கூடும் ஆலோசனைச் சபையொன்றை யாப்பிலே எழுதுவோம். அதன் சொல்லை ஏற்காவிட்டால், ஏன் ஏற்கவில்லை என்று குறிப்புப் புத்தகத்தில் எழுதி, அடுத்த பொதுக்கூட்டத்தில் வாசிப்போம். அச்சபையில் இரண்டு ஆசனங்களை, நுண்கடன் பட்டுத் தேறிய பெண்களுக்குக் கொடுப்போம். எங்கள் ஒழுங்கை மாமியிடம் கேட்டேன், முதலிற் சிரித்தார். பிறகு, “என்னைக் கூப்பிட்டால் வருவன் தம்பி, ஆனால் நான் உள்ளதைத்தான் சொல்லுவன்” என்றார். நமக்கு வேண்டிய தகுதி அதுவே.

நண்பர்களே, பெரியோர் சொன்னால் அந்தக் காலத்துப் பேச்சு என்று நாம் ஒதுக்கிவிடுகிறோம். பெரியோர்களே, வாலிபர் கேள்வி கேட்டால் நீங்களும் சில வேளை மரியாதைக் குறைவென்று எண்ணிவிடுகிறீர்கள். கேட்கும் பொறுமை இரு பக்கத்திலும் வளரவேண்டும்.

அம்மம்மாவின் வீடு இன்னும் பாதி ஓடும் பாதித் தகரமுமாக இருக்கிறது. அவரின் கேள்விக்குச் சென்ற விடுமுறையில் மறுமொழி சொன்னேன். “அம்மம்மா, காசை ஒருவரும் களவெடுக்கவில்லை. எடுத்தது பிழை எண்டு சொல்லவேண்டிய ஆக்கள் சொல்லேல்லை, சொன்ன ஆக்களின்ரை சொல்லை ஒருத்தரும் கேக்கேல்லை” என்றேன். அவர் சிறிது நேரம் யோசித்தார். “அப்ப இனியாவது கேப்பினமோ?” என்றார்.

கொழும்பைப் பற்றி நான் உறுதி சொல்ல முடியாது. நமது சங்கத்தைப் பற்றி இந்தச் சபைதான் சொல்லவேண்டும். பொதுக்கூட்டத்தில் என் மூன்று வேண்டுகோள்களும் வாக்கெடுப்புக்கு வரும். எதிர்த்துப் பேசவேண்டும் என்று எண்ணுவோர் தயங்காது எழுந்து பேசுங்கள். அந்தக் குறிப்புப் புத்தகத்தில் முதலாவதாக எழுதப்படுவது உங்கள் மறுப்பாக இருக்கட்டும்.